பார்த்தவருக்கு முதலே என்ன தெரியும்?

(எங்கட மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கைப் பெரிதாகத் திருத்தவில்லை.)



தலைப்பு வெளியில போன உடன ரெண்டு பேர் எனக்கு மெசேஜ் போட்டிருந்தவை. "சீஐஏயின்ர மந்திரவாதிகளைப் பற்றி எங்களுக்கு எதுக்கு?" எண்டு. நியாயமான கேள்வி. பதில் பேச்சின்ர பின்பாதியில வரும். முதல்ல விசயத்தைச் சொல்லிடுறன், ஏனெண்டா யூரியூப்பில இதைப் பற்றி இருக்கிறதில பாதிக்கு மேல புளுகு.

ரிமோட் வியூவிங். தமிழ்ல சொல்லப் போனா "தொலைக்காட்சி" எண்டு வரும், அது ஏற்கெனவே ரெலிவிஷனுக்குப் போயிட்டுது. நான் தூரப்பார்வை எண்டு சொல்லுறன். ஒரு அறைக்குள்ள இருக்கிற ஆள், தான் காணாத, தனக்குச் சொல்லப்படாத ஒரு இடத்தையோ படத்தையோ மனதால பார்த்து விவரிக்கலாம் எண்டதுதான் கோரிக்கை.

இது தொடங்கின இடம் கலிபோர்னியாவில ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனம், சுருக்கமா எஸ்ஆர்ஐ. இந்த நிறுவனம் முதல்ல ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின்ர பகுதியா இருந்தது. வியட்நாம் போர்க்காலத்தில, வளாகத்தில இராணுவ ஆராய்ச்சி வேண்டாம் எண்டு மாணவர்கள் போராடினதால 1970-இல பல்கலைக்கழகம் அதைக் கழட்டி விட்டது. கழண்டு போனதுதான், ஆராய்ச்சி நிக்கேல்ல. 1972-இல சீஐஏ காசு வந்தது. ரசல் டார்க், ஹரோல்ட் புத்தோஃப் எண்ட ரெண்டு இயற்பியலாளர்கள் அங்க இந்த வேலையைத் தொடங்கினவை. சோவியத் ஒன்றியம் இதைச் செய்யுது, நாங்கள் பின்தங்கக் கூடாது எண்டதுதான் சொல்லப்பட்ட காரணம். பனிப்போர்க் காலத்தில எந்தச் செலவுக்கும் இந்த ஒரு வசனம் போதும்.

சோதனை எப்பிடி நடந்தது? ஒரு குழு காரில வெளிக்கிடும். எங்க போறது எண்டது ஒரு பட்டியலில இருந்து சீட்டுக் குலுக்கின மாதிரித் தெரிவாகும். அறையில பார்வையாளரும் அவரைக் கேள்வி கேட்கிற ஒருவரும் இருப்பினம். ரெண்டு பேருக்கும் இடம் தெரியாது. குழு அங்க போய்ச் சேர்ந்ததும் பார்வையாளர் தனக்குத் தோன்றுறதைச் சொல்லுவார், கீறுவார். எல்லாம் ஒலிப்பதிவாகும்.

பழகினவைக்கு ஒரு விதி இருந்தது. பெயர் சொல்லாதே, வடிவத்தைச் சொல்லு. "பாலம்" எண்டு சொன்னா மூளை உடன ஒரு பாலத்தைக் கட்டத் தொடங்கிடும். "நீளம், வளைவு, இரும்பு, குளிர்" எண்டு சொல்லு. இங்கோ ஸ்வான் எண்ட ஓவியர் இதை ஒரு படிமுறையாவே ஆக்கினவர், இராணுவ ஆக்களுக்குப் பிறகு அதைத்தான் படிப்பிச்சவை. கேட்கக் கெட்டித்தனமான விதியாத்தான் இருக்கு. ஆனா விளைவைப் பாருங்கோ. "தண்ணி, உயரமான ஒண்டு, வளைஞ்ச கோடு" எண்டா அது எந்த நகரத்தில எந்த இடத்துக்குத்தான் பொருந்தாது? இந்தக் கட்டிடத்துக்கே பொருந்தும்.

அதால "பொருந்துதா?" எண்டு கேட்கிறதில அர்த்தமில்லை. "மற்றதுகளை விட இதுக்குக் கூடப் பொருந்துதா?" எண்டுதான் கேட்க வேணும். ஒன்பது இடம், ஒன்பது விவரணை. நடந்தது தெரியாத ஒரு நடுவரிட்டக் குடுத்து எது எதுக்கு எண்டு பொருத்தச் சொல்லுறது. இதில ஒரு வடிவான கணக்கு இருக்கு, நான் படிக்கிறது புள்ளியியல் எண்டபடியாச் சொல்லாமல் விடேலாது. ஒன்றுக்கு ஒன்றாக் கண்ணை மூடிக்கொண்டு பொருத்தினாலும் சராசரியா ஒண்டு சரியா வரும். ஒன்பது எண்டாலும் ஒண்டு, ஒன்பதாயிரம் எண்டாலும் ஒண்டு. ஆனா ஒன்பதில ஏழோ அதுக்கு மேலயோ சரியா வர வாய்ப்பு கிட்டத்தட்டப் பத்தாயிரத்தில ஒண்டுதான்.

பட் பிரைஸ் எண்ட முன்னாள் பொலிஸ் அதிகாரியின்ர விவரணைகளை ஒரு நடுவர் பார்த்தபோது ஒன்பதில ஏழு சரி. 1974 ஒக்டோபரில 'நேச்சர்' இதழ் இந்தக் கட்டுரையைப் போட்டது. கட்டுரையில குறைகள் இருக்கு எண்டு ஒரு ஆசிரியர் குறிப்பையும் சேர்த்துத்தான் போட்டது, ஆனா ஆசிரியர் குறிப்பை ஆர் வாசிக்கிறது?

நியூசிலாந்தில ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில ரெண்டு உளவியலாளர்கள், டேவிட் மார்க்ஸும் ரிச்சர்ட் கமானும் (எங்கட மார்க்ஸ் இல்லை), இதைத் திருப்பிச் செய்து பார்த்தவை. 35 தடவை. நடுவர்களின்ர பொருத்தல் எழுந்தமானத்தை விட நல்லா வரேல்ல. ஆனா எனக்கு முக்கியமாப் படுறது வேற ஒண்டு. பார்வையாளரை அந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனபோது அவர் "ஓம், இதைத்தான் பார்த்தனான்!" எண்டு உறுதியாச் சொன்னார். நடுவர் அதே விவரணையை எடுத்துக்கொண்டு வேற ஒரு இடத்தில நிண்டு "இதுதான்!" எண்டு அதே உறுதியோட சொன்னார். ரெண்டு பேரும் பொய் சொல்லேல்ல. எங்க நிண்டாலும் பொருத்தம் கண்ணில படும், பொருந்தாதது கண்ணில படாது. இதை மனதில வைச்சிருங்கோ.

பிறகு அவை பிரைஸின்ர மூல எழுத்துப்படிகளில கொஞ்சத்தைத் தேடி எடுத்தினம். உள்ள என்ன இருந்தது தெரியுமோ? கேள்வி கேட்டவர் இடையில நேற்றுப் போன இடங்களைப் பற்றிக் கதைக்கிறார். சில பக்கங்களில திகதி. நடுவருக்குக் குடுத்த இடப் பட்டியலோ போன ஒழுங்கிலயே இருந்தது. அப்ப முதலாவது எது, பிறகு வந்தது எது எண்டு எழுத்துப்படியே காட்டிக் குடுக்குது. மார்க்ஸ் இந்தக் குறிப்புகளை மட்டும் வைச்சு, ஒரு இடத்துக்கும் போகாமல், அஞ்சு எழுத்துப்படிகளைச் சரியாப் பொருத்திக் காட்டினவர். பத்தாயிரத்தில ஒண்டு எண்ட என்ர கணக்கு, நடுவருக்கு ஒண்டுமே தெரியாது எண்ட அடியில நிக்கிற கணக்கு. அடி போனா கணக்கும் போச்சு. எஸ்ஆர்ஐ பக்கம் குறிப்புகளை வெட்டிப்போட்டுத் திரும்பப் பொருத்தினம், இன்னமும் சரியா வருது எண்டு 1980-இல 'நேச்சரில' எழுதினவை. 1986-இல மார்க்ஸும் இன்னொருவரும் வெட்டினது காணாது எண்டு அதே இதழில பதில் எழுதினவை. பன்னிரண்டு வருசச் சண்டை, ஒரு சில வசனங்களுக்காக.

ஆங்கிலத்தில இதை 'பிளைண்ட்' நிலை எண்டுவினம். குருட்டுச் சோதனை எண்டு மொழிபெயர்க்க எனக்கு விருப்பமில்லை, பார்வையில்லாத தோழர்களை ஏன் இழுப்பான். மறைப்பு எண்டு சொல்லுவம். பார்க்கிறவருக்கு மட்டும் மறைச்சாக் காணாது, பக்கத்தில இருக்கிறவருக்கும் மறைக்க வேணும், மதிப்பிடுறவருக்கும் மறைக்க வேணும். இந்தப் பாடம் ஒரு குதிரையிட்ட இருந்து வந்தது. பெர்லினில ஹான்ஸ் எண்ட குதிரை கணக்குச் செய்யும், விடையைக் குளம்பால தட்டும் எண்டு ஊரெல்லாம் கதை. 1907-இல ஒஸ்கார் ஃபுங்ஸ்ட் ஆராய்ஞ்சு எழுதினார்: கேட்கிற ஆளுக்கு விடை தெரியாட்டி குதிரைக்கும் தெரியாது. சரியான எண் வந்த உடன கேட்கிற ஆளின்ர தலை ஒரு துளி அசையும், குதிரை அதைப் பார்த்து நிப்பாட்டும். அந்த ஆளுக்கே தான் அசைஞ்சது தெரியாது. ஏமாத்து ஒண்டும் இல்லை.

எண்பதுகள், தொண்ணூறுகளில சோதனைகள் இறுகினது உண்மை. காரில போறது நிண்டு, படங்கள் வந்தது. ஒண்டை ஒண்டு ஒத்திராத அஞ்சு படம், அதில ஒண்டு எழுந்தமானமாத் தெரிவு, நடுவர் அஞ்சையும் தரவரிசைப்படுத்துவார். எழுந்தமானமா அஞ்சில ஒருக்கா முதலிடம் சரியா வரும். அதே நேரம் மேரிலாந்தில ஃபோர்ட் மீட் இராணுவ முகாமில ஒரு பிரிவு உண்மையான உளவு வேலைக்கும் இதைப் பாவிச்சது. அங்க நடுவரும் இல்லை, அஞ்சு படமும் இல்லை. பெயர் அடிக்கடி மாறினது, கடைசிப் பெயர் ஸ்டார் கேட்.

1995-இல சீஐஏ ஒரு வெளி நிறுவனத்திட்ட மதிப்பீடு கேட்டது. ரெண்டு நிபுணர்கள்: புள்ளியியலாளர் ஜெசிக்கா அட்ஸ், உளவியலாளர் ரே ஹைமன். ரெண்டு பேரும் ஒரே ஆய்வுகளைத்தான் பார்த்தினம். எழுந்தமானத்தால இதை விளக்கேலாது, விளைவு நிறுவப்பட்டிட்டுது எண்டார் அட்ஸ். எண்கள் எழுந்தமானம் இல்லை எண்டதை ஹைமனும் ஏற்றுக்கொண்டார், ஆனா அது தூரப்பார்வை எண்டதுக்கு அது ஆதாரமில்லை எண்டார். அவர் காட்டின ஓட்டைகளில ஒண்டு: அந்தச் சோதனைகளில தரவரிசை போட்ட நடுவர் ஒரே ஆள், அவர்தான் திட்டத்தின்ர தலைவர் எட்வின் மே. நான் ஹைமன் பக்கம். அட்ஸை முட்டாள் எண்டு நினைக்கிற ஆக்களுக்கு ஒரு தகவல், அவர் 2016-இல அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின்ர தலைவர். எண் தெரியாததால வந்த சண்டை இல்லை இது. எண் எங்கயிருந்து வந்தது எண்டதுதான் சண்டை. உளவு வேலையைப் பொறுத்தவரை அறிக்கை தெளிவு: ஒரு நடவடிக்கைக்கும் வழிகாட்ட இது உதவேல்ல. இருபது வருசத்துக்கு மேல, கிட்டத்தட்ட 2 கோடி டொலர், பிறகு மூடினவை.

இரகசியம் எண்ட முத்திரைதான் இதை இவ்வளவு காலம் காப்பாத்தினது. வெளியில வந்த ஒரு கட்டுரையின்ர ஓட்டையைக் கண்டுபிடிக்க நாலு வருசம் போதுமா இருந்தது. கோப்புக்குள்ள இருந்தது 1995 வரை ஓடினது.

சரி, எங்களுக்கு எதுக்கு?

எங்கட ஆக்கள் ரிமோட் வியூவிங் எண்ட சொல்லைக் கேட்டிருக்காட்டியும் மை போட்டுப் பார்க்கிறதைக் கேட்டிருப்பினம். வெத்திலையில மையைப் பூசி ஒரு ஆள் பார்த்துச் சொல்லுவார், களவு போன நகை எங்க, காணாமல் போன ஆள் எங்க எண்டு. அம்மாவின்ர தம்பி 2009 மே மாதம் வட்டுவாகலில இராணுவத்திட்டப் போனதைக் கண்ட ஆக்கள் இருக்கினம், அதுக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அம்மம்மா மூண்டு இடத்தில கேட்டவ. மூண்டு பேரும் உயிரோட இருக்கிறார் எண்டுதான் சொன்னவை. ஒருவர் "தண்ணிக்குப் பக்கத்தில, வெள்ளைச் சுவர்" எண்டவர். அதுக்குப் பிறகு ரிவியில எந்த முகாமைக் காட்டினாலும் அம்மம்மா சுவரைத்தான் பார்ப்பா. வெள்ளைச் சுவர் இல்லாத முகாம் எங்க இருக்கு?

அம்மம்மாவைப் பகிடி பண்ண நான் இதைச் சொல்லேல்ல, இஞ்ச ஆரும் சிரிக்கவும் இல்லை. சரணடைஞ்ச ஆக்களின்ர பட்டியலைத் தா எண்டுதான் கிளிநொச்சியில 2017 பெப்ரவரியில தாய்மார் வீதியில இருந்தவை. அந்தப் பட்டியல் வந்திருந்தா வெத்திலைக்கு வேலை இருந்திருக்காது. மை பார்க்கிற ஆளின்ர மறைப்பை விட அரசாங்கத்தின்ர மறைப்புத்தான் பெரிசு.

ஆனா நாங்கள், இந்த அறையில இருக்கிற நாங்கள், என்ன செய்யிறம்? ஆவணக் குழுவுக்கு 2009 காலத்துப் படங்கள் வந்துகொண்டிருக்கு. முகாமில எடுத்தது, பஸ்ஸில எடுத்தது. யாரோ ஒரு முகத்தைப் பார்த்து இது இன்னாரின்ர மகன் மாதிரி எண்ட உடன, வாட்ஸப்பில வட்டம் போட்டு அனுப்புறம்: "அன்ரி, இது உங்கட மகனோ, வடிவாப் பாருங்கோ." அவ பதினைஞ்சு வருசத்துக்கு மேலாப் பார்க்கக் காத்திருக்கிற ஆள். ஒரு முகம், ஒரு வட்டம், அனுப்பினவருக்கு ஒரு நம்பிக்கை. ஹான்ஸுக்குத் தலை அசைச்ச மாதிரித்தான் இது. அவ ஓம் எண்டா அது ஆரின்ர ஓம்?

ரெண்டு கெடுதல். ஒண்டு, அது பிழையான முகம் எண்டா அந்த வீட்டில நாங்கள் செய்தது சின்ன விசயம் இல்லை. மற்றது, அது சரியான முகமாவே இருந்தாலும் நாங்கள் அதைப் பழுதாக்கிப் போட்டம். 2021 மார்ச்சில மனித உரிமைப் பேரவையின்ர 46/1 தீர்மானத்தால ஜெனீவாவில சான்று சேகரிக்கிற வேலை தொடங்கியிருக்கு. நாளைக்கு அங்கயோ ஒரு நீதிமன்றத்திலயோ இந்த அடையாளம் போனா எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதல்ல கேட்கிறது: "படத்தைக் காட்ட முதல் அவவுக்கு என்ன சொன்னனீங்கள்?" வாட்ஸப்பே எங்களுக்கு எதிரான சாட்சி.

பொலிஸ் அடையாள அணிவகுப்பில இதே பிரச்சினை இருக்கு. 2014-இல அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின்ர அறிக்கை, சந்தேகநபர் ஆர் எண்டு தெரியாத அதிகாரிதான் அணிவகுப்பை நடத்த வேணும், சாட்சி சொல்லுற உறுதியை அந்த இடத்திலயே பதிய வேணும் எண்டது. பொலிஸுக்கு நாங்கள் வைக்கிற அளவுகோலை எங்களுக்கும் வைப்பம்.

என்ர முன்மொழிவு இது. ஒரு முகம் கிடைச்சா அதை அதே காலத்து, அதே வயதுமட்டான, அதே தரமான இன்னும் அஞ்சு முகங்களோட சேர்த்து வைக்கிறது, ஒரே அளவில வெட்டி. கோர்க்கிற ஆள் ஒருவர், கொண்டு போய்க் காட்டுற ஆள் இன்னொருவர், ரெண்டு பேரும் அதைப் பற்றிக் கதைக்கக் கூடாது. காட்ட முதல் "இதில உங்களுக்குத் தெரிஞ்ச ஆள் இல்லாமலும் இருக்கலாம்" எண்டு சொல்ல வேணும், கட்டாயம். அவ சொல்லுற முதல் வசனத்தை அப்பிடியே எழுதுறது, "வடிவாப் பாருங்கோ" எண்டு திருப்பிக் கேட்கிறதில்லை. தேத்தண்ணி குடிக்கிறது, இருந்து கதைக்கிறது எல்லாம் அதுக்குப் பிறகு, கட்டாயம் இருந்து கதைக்கோணும்.

இது குளிர்ச்சியான முறை, தாய்மாரைச் சோதனை எலி ஆக்கிற மாதிரி எண்டு போன கிழமை ஒரு தோழி சொன்னவ. அந்தக் கவலை எனக்கும் இருக்கு. ஆனா சோதிக்கிறது தாய்மாரை இல்லை, எங்களைத்தான். எதிர்ப்பு இருக்கிற ஆக்கள் இண்டைக்கே கதையுங்கோ. இல்லாட்டி வாற மாதம் எங்கட சொந்த ஊர்ப் படங்களை வைச்சு ஒருக்காப் பழகிப் பார்ப்பம். கோர்க்க ரெண்டு பேர், காட்ட நாலு பேர் வேணும். பெயரை மேசையில இருக்கிற தாளில எழுதிட்டுப் போங்கோ.