நேரக் கணக்கும் நிலக் கணக்கும்
(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளிவிழா மேடையில் கடந்த காலப் பெருமைகளைப் பேசுவது வழக்கம். நானோ மிகச் சிறிய பொருள் ஒன்றைப் பேச இசைவு வேண்டுகிறேன். கிராம நிருவாக அலுவலர் பணிக்கு ஆள் எடுக்கும் குரூப் 4 தேர்வுக்குப் படிப்போர், தமக்கு வாய்த்த நேரத்தை எவ்வாறு பகுத்துக் கொள்ள வேண்டும் என்பதே அப்பொருள். பொருள் சிறிதுதான், ஆனால், அதில் தவறியதால் வாழ்வில் ஓராண்டை இழந்தவன் நான்.

என் தந்தையார் தகரப் பெட்டியில் ஒரு காகிதத்தைப் பூட்டி வைத்திருந்தார். அதுவே நம் நிலத்தின் பட்டா என்று எங்களிடம் சொல்லி வந்தார். அவர் மறைந்த பிறகு அதை எடுத்துப் படித்தேன். அது பட்டா அன்று. என்றோ தீர்வை கட்டியதற்கான ரசீது. அதைப் படித்துச் சொல்ல எங்கள் தெருவில் அதுவரை ஒருவரும் இருந்ததில்லை. நிலமும் எங்களிடம் இல்லை.

இது என் வீட்டுக் கதை மட்டுமன்று. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரெமென்ஹீர் 1891ஆம் ஆண்டு நம் மக்களின் நிலைபற்றி அரசுக்கு எழுதினார். அதனைத் தொடர்ந்து 1892இல் நமக்கென நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் கூறுவது அதனையே. பிறர்க்கு விற்கலாகாது என்ற கட்டுப்பாட்டுடன் வந்த அந்நிலங்கள் பல ஊர்களில் கைமாறிப் போயின. ஊர்க்கணக்கு எழுதும் பதவியோ தந்தைக்குப்பின் மகன் என்று பரம்பரையாகச் சில குடும்பங்களிலேயே தங்கியிருந்தது. 1980இல் தமிழக அரசு அப்பதவிகளை ஒழித்தது. 1982இல் உச்ச நீதிமன்றமும் அதனை ஏற்றது. பிறப்பால் வந்த பதவி தேர்வால் வரும் பதவியாயிற்று. இன்று அடங்கல் எழுதுவதும், பட்டா மாறுதலுக்கு விசாரித்து அறிக்கை தருவதும் தேர்வில் வென்றவரின் கையில் இருக்கின்றன. அந்தக் கதவு நமக்கும் திறந்திருக்கிறது. அதனுள் நுழையத் தேவையான நேரத்தைத் தேடுவதுதான் நம் இடர்ப்பாடு.

நான் முதன்முறை தேர்வு எழுதியபோது எனக்கு வரலாற்றில் பெருவிருப்பம். இரவெல்லாம் வரலாறே படித்தேன். கணக்கைக் கண்டால் அச்சம். ஆகவே நாளை பார்த்துக் கொள்வோம் என்று தள்ளிவைத்தேன். அந்த நாளை வரவேயில்லை. தோற்றேன். உழைப்புக் குறைவால் நான் தோற்கவில்லை. உழைப்பைப் பகுத்துக் கொள்ளாததால் தோற்றேன். மறுமுறை கணக்குப் போட்டுப் படித்துத் தேறினேன். பின் ஓய்வு பெறும்வரை ஊர்க்கணக்கு எழுதினேன்.

அந்தக் கணக்கை இன்றைய தேர்வுக்குப் பொருத்திச் சொல்கிறேன். முதலில், உங்களிடம் உண்மையில் உள்ள நேரத்தை எண்ணுங்கள். நாள்தோறும் பத்து மணி நேரம் படிப்பேன் என்று எழுதி வைப்பது பிறர் நிலத்தைத் தம் பெயரில் எழுதிக் கொள்வது போன்றது, அது நிலைக்காது. பகலில் வேலைக்குச் செல்பவருக்கு விடியலில் ஒரு மணியும் இரவில் ஒரு மணியும் கிடைக்கலாம். வாரத்தில் ஆறு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம். ஞாயிறன்று ஐந்து. ஆக வாரத்திற்குப் பதினேழு. இருபது வாரத்திற்கு 340 மணி நேரம். இதில் சாவு, திருவிழா, காய்ச்சல், நடவு, அறுவடை ஆகியவற்றுக்கென 100 மணி நேரத்தை முன்னரே கழித்து விடுங்கள். மிச்சம் 240. இதுவே உங்கள் சொத்து.

அடுத்து, இச்சொத்தை விருப்பத்தின்படி பங்கிடாதீர்கள், மதிப்பெண்ணின்படி பங்கிடுங்கள். தேர்வில் 200 வினாக்கள். மொத்தம் 300 மதிப்பெண். தமிழுக்கு மட்டும் 100 வினாக்கள். பொது அறிவுக்கு 75. திறனறிவுக் கணக்கிற்கு 25. தமிழில் 150க்கு 60 பெறாதவரின் மறுபகுதி திருத்தப்படுவதே இல்லை. தாய்மொழிதானே என்று தமிழைப் புறக்கணித்து வீழ்ந்தவர் உண்டு. எனவே தமிழுக்கு 100 மணி நேரம் கொடுங்கள். பொது அறிவுக்கு 70. கணக்கிற்கு 30; அதையும் ஒரே மூச்சில் செலவிடாமல் நாளுக்கு அரை மணியாக அறுபது நாள் போடுங்கள். கணக்கு கைப்பழக்கத்தால் வருவது. எஞ்சிய 40 மணி நேரம் மாதிரித் தேர்வுக்கு. எட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று மணி நேரம் எழுதி, இரண்டு மணி நேரம் பிழைகளை ஆராயுங்கள். பிழைகளுக்கென ஒரு தனிக் குறிப்பேடு வையுங்கள். கடைசி வாரத்தில் உங்களுக்குத் துணையாவது அதுவே.

வினாக்கள் பத்தாம் வகுப்புத் தரத்தவை. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பள்ளிப் பாடநூல்களைக் கரையக் கரையப் படியுங்கள். அதை முடிக்கும்முன் விலையுயர்ந்த வழிகாட்டி நூல்களைத் தேடி அலைய வேண்டா. தேர்வுக் கட்டணத்திலும் பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் விலக்கு உண்டு.

தேர்வுக் கூடத்திலும் இதே கணக்குத்தான். மூன்று மணி நேரத்தில் 200 வினாக்கள் என்றால், ஒரு வினாவுக்கு ஐம்பத்துநான்கு நொடி. ஒரே வினாவோடு ஐந்து நிமிடம் மல்லாடுபவர் ஐந்து வினாக்களை இழக்கிறார். தமிழுக்கு ஒரு மணி, பொது அறிவுக்கு ஐம்பது நிமிடம், கணக்கிற்கு நாற்பத்தைந்து நிமிடம் என்று வகுத்தால் சரிபார்க்க இருபத்தைந்து நிமிடம் மிஞ்சும்.

அளவான நேரம் நமக்கு மட்டும் விதிக்கப்பட்டதன்று. அண்ணல் அம்பேத்கர் 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் நியூயார்க் சென்றபோது அவருக்கும் நேரம் அளந்தே தரப்பட்டது. 1915இல் முதுகலைப் பட்டம் பெற்றார். பின்னர் இலண்டனில் படித்துக் கொண்டிருக்கையில் உதவித்தொகைக் காலம் முடிந்தது. 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். ஆயினும் அந்தக் கணக்கை அவர் முடித்துவிடவில்லை. 1920இல் மீண்டும் சென்றார், 1923இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். முதன்முறை தோற்ற இளைஞர்கள் இந்த ஆண்டுகளை மனத்தில் இருத்துக.

இறுதியாகப் பெற்றோர்க்கும் சங்கத்தார்க்கும் ஒரு சொல். நான் கூறிய அந்த இரண்டு மணி நேரம் மகனுக்குக் கிடைத்துவிடும், மகளுக்குக் கிடைக்குமா? விடியலில் அவள் தண்ணீர்க் குடத்தோடு நிற்கிறாள். இரவில் அடுப்படியில் நிற்கிறாள். அவள் படிப்பதற்குரிய நேரத்தை நாம்தான் எடுத்துக் கொண்டிருக்கிறோம். அதைத் திருப்பித் தருவது நம் கடன். ஒரே அறையில் ஆறு பேர் உறங்கும் வீடுகள் நம்முடையவை. ஆகவே சங்கப் படிப்பகத்தை விடியல் ஐந்து மணிக்குத் திறந்து, இரவு பத்து மணிவரை விளக்கெரிய விட வேண்டும் என்றும், அதில் ஒரு பகுதியைப் பெண்களுக்கென ஒதுக்க வேண்டும் என்றும் கேட்டுக் கொள்கிறேன். வெள்ளிவிழாவின் நினைவாகக் கல்வெட்டு வைப்பதினும் இதுவே சிறந்தது.

இளைஞர்களே! இன்றிரவே ஒரு குறிப்பேட்டில் உங்கள் 240 மணி நேரத்தை எழுதத் தொடங்குங்கள். செலவிட்ட ஒவ்வொரு மணியையும் பற்று எழுதுங்கள். நேரக் கணக்கைப் பிழையின்றி எழுதக் கற்றவர் கையில்தான் ஒருநாள் நிலக் கணக்கும் வரும். அன்று நம் தெரு முதியவர் ஒருவர் தகரப் பெட்டியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வருவார். அது இன்னதென்று அவருக்கு உண்மையைப் படித்துச் சொல்பவராக நீங்கள் இருங்கள்.