அம்மாவின் பெயரில் ஒரு பக்கம்

(தென்காசி மாவட்டத்தில் ஆசிரியர்களுக்கான வாசிப்புப் பயிற்சி முகாமில், அரசு நடுநிலைப் பள்ளித் தமிழாசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'பெற்றோரும் வாசிப்பும்'. பெற்றோர் என்று எழுதுகிறோம்; ஆனால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்து கையெழுத்துப் போடுகிறவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள்தான். எனவே தலைப்பைச் சற்றுச் சுருக்கிக்கொள்கிறேன். அம்மாக்கள் தங்களை முன்னேற்றிக்கொள்வதற்காக வாசிப்பது பற்றிப் பேசப் போகிறேன். குழந்தைக்குக் கதை சொல்வதற்காகவோ, வீட்டுப்பாடத்தைப் பார்த்துக்கொள்வதற்காகவோ வாசிப்பது பற்றி அல்ல. அதை ஒவ்வொரு பயிற்சியிலும் பேசிவிட்டோம். அம்மா தனக்காக வாசிப்பது பற்றி.

இதைச் சொன்னதும் முன்வரிசையில் இரண்டு டீச்சர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். 'அதுக்கு நேரம் எங்க இருக்கு?' என்ற சிரிப்பு அது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எந்தப் பேருந்து நிலையப் புத்தகக் கடையிலும் சுயமுன்னேற்ற நூல்களுக்குத் தனி அடுக்கு உண்டு. அவற்றை நான் இளக்காரமாகப் பேச மாட்டேன். எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' நம்மில் எத்தனையோ பேரை நிமிர்ந்து உட்கார வைத்த நூல். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்களுக்கு, தைரியம் சொல்ல ஆளில்லாத நேரத்தில் அதைச் சொன்னவை இந்தப் புத்தகங்கள்தான்.

ஆனால் ஓர் அம்மாவின் கையில் அதே வகைப் புத்தகம் வேறு மாதிரி வேலை செய்துவிடுகிறது. அதிகாலையில் எழு என்கிறது. நாளைத் திட்டமிடு, தினமும் ஒரு மணி நேரத்தை உனக்கென்று ஒதுக்கு என்கிறது. குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்காக நாலரை மணிக்கே எழுந்து குடத்தை வரிசையில் வைக்கிறவரிடம் போய், இன்னும் எவ்வளவு சீக்கிரம் எழச் சொல்வது? பத்துப் பக்கம் வாசித்துவிட்டு, 'எனக்கு இதெல்லாம் சரிவராது, நம்மகிட்டதான் குறை' என்று அவர் மூடி வைத்துவிடுகிறார்.

குறை அவரிடம் இல்லை. அந்த அறிவுரை யாருடைய நாளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும். பெஞ்சமின் பிராங்க்ளின் தன் சுயசரிதையில் ஒரு கால அட்டவணை கொடுத்திருக்கிறார். இன்றைய முன்னேற்ற நூல்கள் பலவற்றுக்கு அதுதான் பாட்டன். காலை 5 மணிக்கு எழுதல், 8 முதல் வேலை, நண்பகலில் வாசிப்பும் கணக்குப் பார்ப்பதும் உணவும், மாலையில் இசையோ உரையாடலோ, இரவு 10 மணிக்கு உறக்கம். அழகான அட்டவணை. அதில் உணவு இருக்கிறது, சமையல் இல்லை. சமைத்தது யார்? அவர் மனைவி டெபோரா அச்சகத்துக்காகத் தாள் மடித்துத் தைத்தார், கடையைக் கவனித்தார் என்று அதே நூலில் அவரே எழுதியிருக்கிறார். டெபோராவின் அட்டவணை மட்டும் நமக்குக் கிடைக்கவில்லை. 1859இல் லண்டனில் சாமுவேல் ஸ்மைல்ஸ் எழுதிய 'செல்ஃப் ஹெல்ப்' வந்தது. இந்த நூல் வகைக்கே அதன் தலைப்புதான் பெயராயிற்று. அதில் முன்னேறிக் காட்டுகிறவர்களும் ஏறக்குறைய எல்லோரும் ஆண்களே.

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். 2024இல் மறுபடி எடுத்தார்கள்: பெண்கள் 289, ஆண்கள் 88. பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறதே என்று மகிழலாம் என்றால், ஆண்களும் ஒன்பது நிமிடத்தைக் குறைத்துக்கொண்டுவிட்டார்கள். பின்வரிசையில் சார்மார்கள் யாரும் கைதட்டவில்லை, பரவாயில்லை.

அப்படியானால் அம்மாவால் வாசிக்க முடியாதா? வங்காளத்தில் ராஸசுந்தரி தேவி என்று ஒருவர் இருந்தார். 12 வயதில் திருமணம். பெரிய குடும்பத்துக்கு இருவேளையும் சமையல். 12 குழந்தைகள் பெற்றவர். பெண் எழுத்துப் படித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று நம்பிய காலம். கணவரின் புத்தகத்திலிருந்து ஒரே ஓர் ஏட்டைக் கழற்றிச் சமையலறையில் ஒளித்து வைத்தார். மகன் எழுதிப் பழகிய பனையோலை ஒன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, இந்த எழுத்தும் அந்த எழுத்தும் ஒன்றா என்று அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே ஒப்பிட்டுப் பார்த்துப் படிக்கக் கற்றார். பின்னாளில் அவர் எழுதிய 'ஆமார் ஜீபன்' (என் வாழ்க்கை) வங்க மொழியின் முதல் தன்வரலாறாகக் கருதப்படுகிறது.

இதைச் சொல்லி, 'அவரால் முடிந்தது, உங்களால் முடியாதா' என்று கேட்டால் நானும் அந்த அட்டவணைக்காரர்களோடு சேர்ந்துவிடுவேன். நான் கவனிக்கச் சொல்வது அந்த ஓர் ஏட்டை. அவருக்குக் கிடைத்தது ஒரு மணி நேரம் அல்ல. இடையிடையே சில நொடிகள். வாசிப்பு அந்த நொடிகளுக்குள் பொருந்தும் அளவுக்குச் சின்னதாக இருந்தது.

எங்கள் பள்ளியில் செய்ததற்கு வருகிறேன். எங்கள் ஊரில் பாதி வீடுகளில் பீடி சுற்றுகிறார்கள். மடியில் தட்டு; கையும் கண்ணும் இலையில். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் நூலகப் புத்தகத்தைத் திருப்பித் தர வந்தபோது, 'டீச்சர், எங்கம்மாவுக்கு ஒண்ணு வேணுமாம்' என்றான். என்ன புத்தகம் என்று கேட்டால் தெரியவில்லை. மாலையில் அவன் அம்மாவே வந்தார். "புள்ளைக்குச் சொல்லிக்குடுக்க இல்ல டீச்சர். எனக்குன்னு ஒண்ணு குடுங்க" என்றார்.

நூலகப் பதிவேட்டைப் புரட்டினேன். அவர் பெயரை எழுத இடமில்லை. 'மாணவர் பெயர், வகுப்பு' என்றுதான் கட்டம். பதிவேட்டின் கடைசியில் ஒரு பக்கத்தை எடுத்து, மேலே 'அம்மாக்கள்' என்று எழுதி, கோடு போட்டு, முதல் வரியில் அவர் பெயரை எழுதினேன். இன்னாருடைய தாயார் என்று எழுதவில்லை. அவருடைய சொந்தப் பெயர். இரண்டு மாதத்தில் அந்தப் பக்கம் நிரம்பியது.

யார் என்ன எடுத்தார்கள் என்பது எனக்கே புதிய பாடம். வாழ்வில் வெல்வது எப்படி வகையை அதிகம் பேர் எடுக்கவில்லை. சர்க்கரை நோய்க்கு என்ன சாப்பிடலாம், வங்கிப் படிவம் எப்படி நிரப்புவது, வயசுக்கு வந்த மகளிடம் எப்படிப் பேசுவது என்பதைப் பற்றியெல்லாம் கேட்டார்கள். வாழ்க்கை வரலாறு கேட்டார்கள். கதை கேட்டார்கள், நிறையவே கேட்டார்கள். சுயமுன்னேற்றம் என்பதற்கு அந்தப் பெண்கள் வைத்திருந்த பொருள் கடை அடுக்கில் இருப்பதைவிட அகலமானது. எட்டாவதோடு நின்று, பதினைந்து வருடம் எதையும் வாசிக்காமல் எழுத்து மறந்துபோனவர்கள் எடுத்தவை வேறு: நம் வாசிப்பு இயக்கத்தின் 'நுழை, நட, ஓடு, பற' புத்தகங்கள். மெலிசானவை, படம் உள்ளவை, ஒரு குழம்பு கொதிக்கும் நேரத்தில் முடிந்துவிடுபவை. பிள்ளைகளுக்கு வந்த புத்தகத்தை அம்மாக்களுக்குக் கொடுக்கலாமா என்று ஒரு சக ஆசிரியர் கேட்டார். கிழிந்தாலும் வாசித்துக் கிழியட்டும் என்றார் எங்கள் தலைமையாசிரியர்.

கை ஓயாதவர்களுக்கு வேறு வழி வேண்டியிருந்தது. கியூபாவில் ஹவானா நகரச் சுருட்டு ஆலைகளில் 1865 முதல் ஒரு வழக்கம். தொழிலாளர்கள் சுருட்டுச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் உயரமான இருக்கையில் உட்கார்ந்து செய்தித்தாளும் நாவலும் உரக்க வாசிப்பார். அவருக்குச் சம்பளம், தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து போட்டுக் கொடுத்தது. அங்கே சுருட்டு, இங்கே பீடி. எங்கள் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் 'அம்மா கேட்கிற புத்தகத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டு' என்றோம். எதை வாசிப்பது என்று தேர்ந்தெடுப்பது அம்மா. அதில் நாங்கள் தலையிடுவதில்லை. திக்கித் திக்கி வாசிப்பவனை அம்மா திட்டுவதில்லை, ஏனென்றால் அடுத்து என்ன என்று தெரிய வேண்டியது அவருக்கு. பையனுக்கும் வாசிப்புச் சரளமானது. இதைச் சொல்லாமல் விடலாம் என்றுதான் நினைத்தேன். சொன்னால் உடனே 'பிள்ளைகளுக்குப் பலன்' என்று அறிக்கையில் எழுதி, அம்மாவை மறுபடி கருவியாக்கிவிடுவோம்.

முதல் வரியில் பெயர் எழுதினேனே, அவர் ஒன்பதாவதில் நின்றவர். ஏழெட்டு மாதம் கழித்து, 'டீச்சர், நான் பத்தாவது எழுதலாமா?' என்று கேட்டார். தனித்தேர்வராக விண்ணப்பித்தோம். வீட்டில் இரண்டு நாள் சண்டை. மாமியார்தான் அவர் பக்கம் நின்றார். அந்தக் காலத்து அறிவொளி இயக்க வகுப்பில் கையெழுத்துக் கற்றவர் அவர். ஐந்து பாடத்தில் மூன்று தேறிவிட்டது. கணக்கும் ஆங்கிலமும் பாக்கி. அடுத்த முறைக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்.

இனி நம்மைப் பற்றி. இங்கே இருக்கிற டீச்சர்களில் பெரும்பாலானோர் அம்மாக்கள். காலையில் இரண்டு டிபன் பாக்ஸ், ஒன்பது மணி பஸ், எமிஸ் பதிவு, மாலையில் விடைத்தாள் கட்டு. கடைசியாக நீங்கள் உங்களுக்காக முடித்த புத்தகம் எது என்று கேட்டால் பலருக்குச் சங்கடமாக இருக்கும், கேட்கவில்லை. நான் செய்வது இது: பையில் ஒரே ஒரு மெலிந்த புத்தகம், அத்தியாயங்கள் சிறியதாக இருப்பது. பஸ்ஸில் நான்கு பக்கம். பிடிக்காவிட்டால் முடிக்காமலே திருப்பிவிடுவேன். நூலை முடித்தே தீர வேண்டும் என்ற ஒழுக்கம் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு, நமக்கு வேண்டாம்.

நூலகவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழிக்காரர், நம்மைப் போல ஆசிரியர். கணிதம் கற்பித்துவிட்டுத்தான் நூலகத்துக்குப் போனார். 1931இல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. அதே ஆண்டில் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பும் நூலகமும் தொடங்கியது. நூலகத்துக்கு வர நேரமில்லாதவரிடம் புத்தகம் போக வேண்டும். நமக்கு மாட்டுவண்டி தேவையில்லை. தினமும் மாலை நான்கு மணிக்கு முப்பது புத்தகப்பைகள் ஊருக்குள் போகின்றன.

புத்தகம் தொலைந்தால் யார் பொறுப்பு, தணிக்கையில் என்ன பதில் சொல்வது என்று கேட்கத் தயாராக இருக்கிறீர்கள், தெரிகிறது. தலைமையாசிரியரிடம் முதலிலேயே எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள், நாங்கள் வாங்கினோம். பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானமாகவும் போட்டோம். இதுவரை மூன்று புத்தகங்கள் வரவில்லை. ஒன்று ஊர் மாறிப் போன குடும்பத்தோடு போய்விட்டது. மற்ற இரண்டு எந்த வீட்டில் இருக்கின்றன என்று எல்லோருக்கும் தெரியும். இன்னும் வாசித்து முடியவில்லையாம். திரும்பி வருகிற புத்தகங்களில் புகையிலை வாசம் அடிக்கிறது, சிலவற்றில் பக்க அடையாளத்துக்கு வைத்த பீடி இலை அப்படியே இருக்கிறது. அதை எடுத்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுக்கிறோம்.