தனிமையும் துணையும்

பெங்களூரின் நீலசந்திராவில் மாலை வேளையில் நடந்து செல்வோர், மனிதர் நெருங்கி வாழ்வது இன்னதென்பதைக் கண்கூடாகக் காணலாம். வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. ஓர் அடுப்பில் தாளிக்கும் மணம் மூன்று வீடுகளுக்கு எட்டுகிறது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் ஒரே சந்தில் ஒலிக்கின்றன. 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயரின் தண்டு பெங்களூருக்கு வந்து தங்கிய காலந்தொட்டு, தமிழர் பலர் பிழைப்பை நாடி இந்நகருக்கு வந்தவண்ணம் இருக்கின்றனர். அவர்கள் வழிவந்தவரும், நேற்று வந்தவருமாகிய நாம் இங்கே கலந்து வாழ்கிறோம்.

இத்தனை பேர் சூழ இருந்தும், நம்முள் சிலர் தமக்கு ஒருவரும் இல்லையென்று பெருமூச்செறிகின்றனர். அதே சந்தில், ஓரறை வீட்டில் ஐவருக்குப் பணி செய்யும் இல்லத்தரசியோ, அரைமணி நேரமேனும் தனித்திருக்க வழியில்லையே என்று ஏங்குகிறாள். இவ்விரண்டு ஏக்கங்களும் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றும். ஆராய்ந்து பார்ப்பின், அவை முரணல்ல என்பது விளங்கும்.

நாம் விரும்பி நாடுவது ஏகாந்தம். விரும்பாமலே நம்மீது வந்து விழுவது தனிமை. முன்னது மனத்துக்கு ஓய்வைத் தரும். பின்னது மனத்தை அரித்துவிடும். ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்று, இனியது எது என்ற வினாவுக்கு விடை கூறுகிறது. அது முதற்படியில் ஏகாந்தத்தை வைக்கிறது. அதற்கு மேலே இறைவழிபாட்டையும், அதற்கும் மேலே அறிவுடையோரின் கூட்டத்தையும் வைக்கிறது. அத்தகையோரை நனவில் மட்டுமன்றிக் கனவிலும் காண்பதே யாவற்றினும் இனிதென்று முடிக்கிறது. தனித்திருத்தலை அப்பாடல் இகழவில்லை. அதனை அடித்தளமாக்கி, அதன்மேல் நல்லோர் துணையை எழுப்புகிறது.

இக்காலத்து ஆராய்ச்சியும் இக்கருத்துக்கு அரண் செய்கிறது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் 1938-இல் தொடங்கிய ஆய்வு, 724 ஆடவரின் வாழ்க்கையைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தது. ஐம்பது வயதில் தம் உறவுகளில் நிறைவு கண்டவர்களே எண்பது வயதில் மிக்க உடல்நலத்தோடு இருந்தனர். உறவினர் எத்தனை பேர் என்பதைவிட, அவ்வுறவு எத்தகையது என்பதே பெரிதாயிற்று. உலக சுகாதார நிறுவனம் 2025-இல் வெளியிட்ட அறிக்கையோ, உலகில் அறுவருள் ஒருவர் தனிமையால் வருந்துகிறார் என்று கூறுகிறது.

இனி, நம் வீட்டுக்குள் வருவோம். ஊரில் தனியே இருந்த தாயாரை, அன்பின் மிகுதியால் நாம் இங்கே அழைத்து வருகிறோம். அங்கே திண்ணையில் அமர்ந்தால், வருவோர் போவோரெல்லாம் நலம் விசாரித்துவிட்டுச் செல்வார்கள். இங்கே காலை ஒன்பது மணிக்கு நாம் வேலைக்குப் புறப்பட்டதும், அவர் கதவைத் தாழிட்டுக்கொள்கிறார். மாலையில் நாம் திரும்பும்வரை அவர் குரலை எவரும் கேட்பதில்லை. திரும்பி வந்த நாமோ, "சாப்பிட்டீர்களா அம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கைப்பேசியை எடுத்து, ஊரிலுள்ள நண்பர்களோடு அளவளாவத் தொடங்குகிறோம். தொலைவில் உள்ளவர் அருகில் வந்துவிட்டனர். அருகில் உள்ளவர் தொலைவுக்குப் போய்விட்டார். தனிமையைப் போக்குவதற்கென்று அழைத்து வந்த தாயாரை, அதைவிடப் பெரிய தனிமையில் வைத்துவிட்டோமோ என்று நம் நெஞ்சை நாமே கேட்டுக்கொள்ளவேண்டும்.

அண்டை வீட்டாரோடு பழக மொழி தடையாயிற்றே எனலாம். 2014-இல் வெளியான சிகாகோ ஆய்வு ஒன்று இங்கே நினைக்கத்தக்கது. ரயிலிலும் பேருந்திலும் செல்வோர், அறிமுகமில்லாதவரோடு பேசுவது இன்பமாக இராது என்றே எண்ணினர். பேசிப் பார்த்தவர்களோ, பேசாது சென்றவரினும் மகிழ்ச்சியுற்றனர். நம்மைத் தடுப்பது பெரும்பாலும் மொழியன்று, கூச்சமே. "ஊட்டா ஆயித்தா?" என்று எதிர்வீட்டு அம்மையார் கன்னடத்தில் கேட்டால், "ஆயிற்று" என்று தமிழில் விடை சொல்ல நம் தாயாருக்கு இலக்கணம் எதற்கு?

ஆகவே, இரண்டு செய்திகளை நேயர்கள் முன் வைக்கிறோம். வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும், சிறப்பாக இல்லத்தரசிக்கு, நாள்தோறும் அரைமணி நேரம் தமக்கென்று கிடைக்கும்படி செய்வோம். மொட்டைமாடியில் ஒரு மூலை போதும், அந்நேரத்தில் குழந்தைகளைப் பிறர் பார்த்துக்கொள்ளலாம். அவ்வாறே, மற்றோர் அரைமணி நேரம் கைப்பேசியை ஒதுக்கி வைத்து, வீட்டில் உள்ளவரோடும் அண்டை வீட்டாரோடும் அமர்ந்து பேசுவோம். வாரத்தில் ஒருநாள் தாயாரையே எதிர்வீட்டுக்கு அழைத்துச் சென்று அறிமுகம் செய்து வைப்போம்.

முதல் நாள் இரண்டு சொற்களோடு அந்தப் பேச்சு நின்றுவிடலாம். மறுவாரம் ஒரு கிண்ணம் ரசம் போகும். பதிலுக்கு ஒரு கிண்ணம் சாறு வரும். பின்னொரு நாள் பகலில், நாம் வீட்டில் இல்லாதபோது, தாயார் தாமே தாழை நீக்கி வெளியே வந்து அமர்வார். அன்று அவர் தனித்திருந்தாலும், தனிமையில் இருக்கமாட்டார்.