தறியிருந்த வீடு
(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



சென்ற தை மாதத்தில் நம் சங்கத்தைச் சார்ந்த சில குடும்பத்தார் ஒன்றுகூடி, சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டிலுள்ள தக்ஷிணசித்ரா என்னும் காட்சிச்சாலையைப் பார்த்து வந்தோம். கண்டதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லும்படி காரியதரிசி அவர்கள் பணித்திருக்கிறார்கள். யாம் பிரசங்கம் செய்து பழகியவர் அல்லோம். தறியிலிருந்து எழுந்து வந்தவர். ஆதலின் குற்றங் குறைகளைப் பொறுத்தருள வேண்டுகிறோம்.

காட்சிச்சாலை என்றதும் கண்ணாடிப் பேழைகளும் அவற்றுள் அடுக்கிய பழம்பொருள்களுமே நம்மில் பலர் நினைவிற்கு வரும். இங்கோ வீடுகளே காட்சிப் பொருள்கள். 1984-இல் டெபோரா தியாகராஜன் அம்மையார் தோற்றுவித்த மெட்ராஸ் கிராப்ட் பவுண்டேஷன் என்னும் ஸ்தாபனம், 10 ஏக்கர் நிலத்தில் இதனை அமைத்து, 1996-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பொதுமக்களுக்குத் திறந்து வைத்தது. அமைப்புக்கு உதவியவர்களுள் லாரி பேக்கர் என்னும் புகழ்பெற்ற கட்டிடக் கலைஞரும் ஒருவர். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய நாடுகளின் பழைய வீடுகள் 18 அங்கே நிற்கின்றன. இடிபட்டு மரக்கடைக்குப் போகவிருந்த வீடுகளைத் தூண் வேறு, விட்டம் வேறாகப் பிரித்துக் கொணர்ந்து, கைதேர்ந்த தச்சரையும் கொத்தரையும் கொண்டே மறுபடி எழுப்பியிருக்கின்றனர். வணிகர் வீடு, வேளாளர் வீடு, குயவர் வீடு, அக்கிரகாரத்து வீடு எல்லாவற்றையும் பார்த்தோம். அவற்றை வருணிக்க நேரமில்லை. நாம் வெகுநேரம் நின்றது காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீட்டிலேதான்.

அங்கே எம் பேர்த்தி எம் கையைப் பிடித்து, "தாத்தா, நம் வீட்டிலும் இப்படித் தறி இருந்ததா? எந்த இடத்தில்?" என்று கேட்டாள். இப்போது குளிர்ப்பெட்டி நிற்கும் இடத்தில் என்று சொன்னோம். குழந்தை நம்பவில்லை, வேடிக்கை பேசுவதாக எண்ணிச் சிரித்தாள். அவள் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே அக்குழியை மண் கொட்டி மூடி, மேலே வழவழப்பான ஓடு பதித்து விட்டோம். அவள் சிரித்ததில் பிழை என்ன?

சகோதரர்களே, நம் முன்னோர் வீட்டைக் கட்டித் தறியை உள்ளே வைத்தவர் அல்லர். தறிக்கு இடம் வகுத்து, அதைச் சுற்றி வீட்டைக் கட்டினவர். கால்மிதியைக் குழிக்குள் அமைத்தது இடத்தை மிச்சப்படுத்த மட்டுமன்று. தரையின் ஈரம் நூலுக்குக் குளிர்ச்சி தரும், இழை அறாது. வெளிச்சம் அச்சின்மேல் விழுமாறு பலகணி வைத்தனர். மூன்று புடவைக்கு உரிய பாவை விடியற்காலையில் நீட்டிக் கஞ்சி தெளிக்கத் தெரு வேண்டும். ஆகவே தெரு நேராக இருந்தது. திண்ணையில் பெண்டிர் ராட்டையில் தார் சுற்றினர். ஒன்றை எடுத்தால் மற்றொன்று பொருளற்றுப் போகும். அக்காட்சிச்சாலையில் வீடு இருக்கிறது, தறி இருக்கிறது. எதிர்வீட்டார் பாவு பிடிக்க ஓடி வரும் தெரு இல்லை. அது அவர்கள் குற்றமன்று. தெருவைப் பெயர்த்துக் கொணர எவரால் இயலும்?

வேறொரு குறையும் எம் மனத்தை உறுத்திற்று. கோர்வைப் புடவைக்கு உடலின் நிறம் வேறு, கரையின் நிறம் வேறு. மூன்று நாடா ஓட வேண்டும். நெய்பவர் ஒருவரால் ஆகாது. கரைப் பக்கத்தில் உட்கார்ந்து நாடா தள்ள ஒருவர் வேண்டும். பல வீடுகளில் அந்த ஒருவர் எட்டு, ஒன்பது வயதுப் பையன். யாமும் அவ்விடத்தில் உட்கார்ந்தவரே. பள்ளிக்கூடத்து மணி ஓசை பலகணி வழியே கேட்கும், எழுந்திருக்க முடியாது. அழகாக வெள்ளையடித்த அவ்வீட்டில் அந்தப் பையன் இருந்த இடத்தை எம் கண் தேடிற்று.

கன்னட நாட்டு இல்கல் நெசவாளர் வீடும், தெலுங்கு நாட்டு இக்கத்து நெசவாளர் வீடும் அங்கேயே உள்ளன. இல்கல்லில் உடற்பாவையும் முந்தானைப் பாவையும் கண்ணி கண்ணியாகக் கோத்து இணைப்பர். நம் பெட்னி வேலைக்கு அது உறவு என்று சொல்லத் தோன்றுகிறது. இக்கத்து வேலையில் நூலை ஆசு என்னும் சட்டத்தில் முளைக்கு முளை மாற்றிச் சுற்றியபின்பே கட்டிச் சாயம் தோய்ப்பர். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான முறை கையை வீச வேண்டும். அது பெரும்பாலும் பெண்கள் வேலை. தம் அன்னை தோள்வலியால் வருந்தக் கண்ட சிந்தகிந்தி மல்லேசம் என்பவர் 1999-இல் அதற்கு ஓர் யந்திரம் செய்து, அன்னையின் பெயரால் லட்சுமி ஆசு என்று பெயரிட்டார். 2017-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. வலியைச் சொன்ன ஒரு தாயும், அதைக் காதில் வாங்கிய ஒரு மகனும் இருந்தமையால் வந்தது அந்த யந்திரம்.

திரும்பும் வழியில் நம் சங்கத்து முதியவர் ஒருவர், "முழங்காலைத் தின்ற குழி அது, போனது போகட்டும், அதற்கு ஏனையா காட்சிச்சாலை?" என்று கோபித்தார். அவர் கூற்றில் நியாயம் உண்டு. மீண்டும் குழி வெட்டி உட்காருங்கள் என்று எவருக்கும் சொல்ல யாம் வரவில்லை. எம் புதல்வர் உத்தியோகத்தில் இருப்பது எமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் முழங்கால் போன கதையையும் நாமே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்? தூணையும் கதவையும் பிறர் விலை கொடுத்து வாங்கிக் காப்பாற்றுவர். எந்தக் குழியில் யார் உட்கார்ந்தார், கூலி யார் கொடுத்தார், பஞ்ச காலத்தில் எந்தத் தறி விற்றுப் போயிற்று என்பன விலைக்குக் கிடைப்பவை அல்ல. அவை இன்று நம் வீட்டு மூதாட்டியர் சிலரிடமே உள்ளன.

ஆதலின் சபையோருக்கு ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு குடும்பத்தாரும் தம் பழைய வீட்டின் அமைப்பை ஒரு தாளில் வரைந்து, தறி இருந்த இடம், எண்ணிக்கை, நெய்த புடவை வகை, கரைப்பக்கம் உட்கார்ந்தவர் பெயர் இவற்றை எழுதிக் காரியதரிசியிடம் சேர்ப்பியுங்கள். பத்திரிகையில் மாதம் ஒன்றாக வெளியிட அவர் இசைந்திருக்கிறார். எமது தாளை இன்று கொணர்ந்திருக்கிறோம். பலகணியை வலப்பக்கம் வரைந்திருந்தோம். இடப்பக்கம் என்று எம் தமக்கையார் திருத்தினார். அவருக்கு வயது எண்பத்தாறு. இன்னும் இரண்டு பிழைகள் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்க வேண்டும்.