அப்பாவோடு அரை மணி நேரம்
(தந்தையர் தின ஆராதனையில் ஆற்றிய உரை)



தகப்பன்மாருக்குச் சில நிமிடங்கள் பேசும்படி போதகர் ஐயா கேட்டபோது தயங்கினேன். நல்ல தகப்பன் என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தகுதி குறைவு. ஆகவே என் குறையையே சொல்லுகிறேன். யாருக்காவது உதவட்டும்.

கனடாவுக்கு வந்து பல வருடங்கள் இரவு வேலை செய்தேன். காலையில் நான் வீட்டுக்கு வர, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள். அவர்கள் திரும்பி வர, நான் நித்திரை. எழும்பிய பிறகும் மூன்று கேள்விகள்தான்: "சாப்பிட்டீங்களோ? வீட்டுப்பாடம் முடிஞ்சுதோ? இன்னும் என்ன போன்?"

ஒரு சனிக்கிழமை மகனுடைய சைக்கிளில் காற்றுப் போய்விட்டது. அவனுக்கு அப்போது பதினொரு வயது. "புது ரியூப் வாங்குவம் அப்பா" என்றான். "இல்லை, ஒட்டுவம்" என்றேன். ரியூபைக் கழற்றிக் காற்றடித்து, வாளித் தண்ணீருக்குள் அமுக்கினோம். குமிழி வரும் இடத்தை அவன் கண்டுபிடித்தான். அந்த இடத்தைத் துடைத்து, காயவிட்டு, அரத்தாளால் தேய்த்து, பசை பூசினோம். பசை சற்றுக் காய்ந்தபின்தான் ஒட்டுத்துண்டை வைத்து அழுத்த வேண்டும். அந்தக் காத்திருப்பில், ரியூபைப் பார்த்தபடியே சொன்னான்: "அப்பா, நான் ஸ்கூலிலை தனியத்தான் சாப்பிடுறனான்."

பல மாதமாக அப்படியாம். "ஏன் ராசா முந்திச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"நீங்கள் நித்திரை எல்லோ அப்பா."

அந்தப் பதில் இன்றும் என்னோடு இருக்கிறது. அடுத்த கிழமை அவனுடைய ஆசிரியரைச் சந்தித்துப் பேசினோம். ஆனால் அந்த ரியூப் ஓட்டையாகாவிட்டால் எனக்கு எதுவும் தெரிந்திராது.

முகத்துக்கு நேரே நின்று "பள்ளிக்கூடம் எப்படி?" என்று கேட்டால், பிள்ளை "ஓகே" என்று சொல்லிவிட்டுப் போய்விடும். இரண்டு பேருடைய கைகளும் ஒரே வேலையில் இருந்தால் வாய் தானாகத் திறக்கும். அதற்குப் பெரிய செலவும் வேண்டாம். நாங்கள் வீட்டில் செய்யும் இரண்டைச் சொல்லுகிறேன்.

ஒன்று, சனிக்கிழமை ரொட்டி. கோதுமை மா, தேங்காய்ப்பூ, உப்பு, தண்ணீர். குழைப்பதும் தட்டுவதும் பிள்ளைகள். சூடான கல்லில் போடுவது நான். அவர்களுடைய ரொட்டி வட்டமாக இராது. ஒருநாள் அது ஆபிரிக்காப் படம்போல இருந்தது. சம்பலோடு ருசியாகத்தான் இருந்தது.

இரண்டு, பட்டம். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்குப் பட்டம் ஏற்றுவார்கள். இங்கே தை மாதத்தில் ஸ்னோ. ஆகவே குளிர்காலத்தில் கட்டி, மே மாதம் பூங்காவில் ஏற்றினோம். இரண்டு மெல்லிய மூங்கில் குச்சிகளைக் குறுக்காகக் கட்டி, நுனிகளைச் சுற்றி நூல் இழுத்து, மெல்லிய தாள் ஒட்டி, முச்சை கட்டி, பழந்துணியில் வால் வைத்தோம். முதல் தடவை சுழன்று சுழன்று விழுந்தது. வாலை நீட்டினோம், ஏறியது! "முச்சை" என்ற சொல்லைத் தமிழ் வகுப்பில் என் மகள் படிக்கவில்லை. நூலைப் பிடித்தபடி படித்தாள், இன்னும் மறக்கவில்லை.

தகப்பன்மாரே, ஒரு எச்சரிக்கை. பிள்ளை கோணலாக ஒட்டினால், "விடு, நான் செய்யிறன்" என்று பறிக்காதீர்கள். நான் பறித்திருக்கிறேன். பிள்ளை எழும்பிப் போய்விட்டது. பட்டம் நேராக வந்தது, ஆனால் ஏற்ற ஆள் இல்லை. உங்கள் போனும் அடுத்த அறையில் இருக்கட்டும்.

யோசேப்பைப் பாருங்கள். அவர் பேசிய ஒரு வார்த்தைகூட நான்கு சுவிசேஷங்களிலும் எழுதப்படவில்லை. ஆனால் ஊரார் இயேசுவைத் தச்சன் என்றே அறிந்திருந்தார்கள் என்று மாற்கு 6ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அந்தத் தொழிலை அவர் யார் பக்கத்தில் நின்று பழகியிருப்பார்? அதிகம் பேசத் தெரியாத தகப்பன்மாருக்கு இது ஆறுதல் அல்லவா?

அப்பா பக்கத்தில் இல்லாத பிள்ளைகளும் நமது சபையில் இருக்கிறார்கள். மாமாமாரே, சித்தப்பாமாரே, தாத்தாமாரே, பட்டம் கட்டும்போது அவர்களையும் கூப்பிடுங்கள். ஒரு நூலை இரண்டு மூன்று பேர் பிடிக்கலாம்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வேலை. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அப்பாவின் கையைப் பிடித்து, "அரை மணி நேரம் தாங்கோ" என்று கேளுங்கள். அவர் களைத்திருந்தால் கொஞ்சம் நித்திரை கொள்ள விடுங்கள். பிறகு எழுப்புங்கள். என்னையும் எழுப்பியிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

கர்த்தர் உங்கள் வீடுகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.