சிந்துக் கரையில் பிறந்தவன்



தாந்தே என்றவுடன் பலருக்கும் நினைவில் எழுவது நரகம். எரியும் கல்லறைகளும், தலைகீழாகப் புதைக்கப்பட்ட பாப்பரசர்களும், உறைபனியில் சிக்கிய துரோகிகளும் ஓவியர்களால் மீண்டும் மீண்டும் தீட்டப்பெற்று, காவியமே அதுதான் என்னும் மயக்கத்தை உண்டாக்கிவிட்டன. 100 படலங்களுள் நரகத்துக்கு உரியவை 34 மட்டுமே. எஞ்சியவற்றைப் படிக்காமல் தாந்தேயின் தீர்ப்புகளைப் பற்றிப் பேசுவது, வழக்கில் ஒரு தரப்பை மட்டும் கேட்டு எழுந்துவிடுவதற்கு ஒப்பாகும்.

அவ்வழக்கின் மிகக் கடுமையான வினா பரலோகக் காண்டத்தின் 19ஆம் படலத்தில் எழுகிறது. வியாழ மண்டலத்தில், நீதி வழுவாது வாழ்ந்தோரின் ஆன்மாக்கள் ஒளிப்பொறிகளாகத் திரண்டு ஒரு கழுகின் வடிவம் கொள்கின்றன. உயிர்கள் பல, குரல் ஒன்று. தாந்தேயின் உள்ளத்தில் நெடுநாள் பசியாகக் கிடந்த ஐயத்தை, அவர் அதை விரித்துரைக்காமலேயே அக்கழுகு எடுத்துரைக்கிறது. சிந்து நதிக்கரையில் ஒருவன் பிறக்கிறான். கிறிஸ்துவின் பெயர் அவன் செவிக்கு எட்ட வழியே இல்லை. மனித அறிவு காணக்கூடிய அளவில் அவன் சொல்லிலும் செயலிலும் மாசில்லை. திருமுழுக்குப் பெறாமலே அவன் இறந்துபோகிறான். அவனைத் தண்டிப்பது எவ்வகை நீதி? அறிய வழியற்ற ஒன்றை நம்பாமை எவ்வாறு குற்றமாகும்?

14ஆம் நூற்றாண்டு இத்தாலியருக்குச் சிந்து என்பது கிழக்கே நெடுந்தொலைவு.  ஆனால் இந்நாட்டில் இக்காவியத்தைப் படிப்போர்க்கு அந்தப் பெயரற்றவன் அயலான் அல்லன். அவன் பக்கம் நின்றே அவர்கள் கழுகின் விடைக்குச் செவி சாய்ப்பர்.

விடை முதலில் ஏமாற்றமே தருகிறது. சாண் அளவு பார்வையை வைத்துக்கொண்டு ஆயிரம் கல் தொலைவில் உள்ளதற்குத் தீர்ப்புக் கூற நீ யார் என்னும் பொருள்படக் கழுகு கடிந்துரைக்கிறது. இது விடையன்று; வாயடைப்பு. ஆயினும் அதே மூச்சில் அது திசை திரும்புகிறது. கிறிஸ்துவின் பெயரை ஓயாது உச்சரிப்போருள் பலர், அப்பெயரையே அறியாதவரைவிடத் தீர்ப்பு நாளில் அவருக்குத் தொலைவில் நிற்பர் என்கிறது. தொடர்ந்து அக்கால ஐரோப்பியக் கிறிஸ்தவ மன்னர்களின் கொடுமைகளைப் பட்டியலிடுகிறது. அப்பகுதியின் அடித்தொகுதிகளுடைய முதலெழுத்துகளைக் கூட்டினால் கொள்ளைநோய் எனப் பொருள்தரும் இத்தாலியச் சொல் கிடைக்கிறது. யாப்பு விளையாட்டுக்கும் சினத்துக்கும் இத்துணை நெருங்கிய உறவு அமைவது அரிது.

அடுத்த படலத்தில் வியப்பு காத்திருக்கிறது. கழுகின் கண்ணாக ஒளிரும் ஆறு ஆன்மாக்களுள் இருவர் புறச்சமயத்தவராக வாழ்ந்தவர்கள். ஒருவர் உரோமப் பேரரசர் திராயான். அவருக்காகப் பாப்பரசர் கிரகோரி மன்றாடினார் என்ற இடைக்காலக் கதை முன்னரே வழக்கில் இருந்தது. மற்றவனுக்கு அத்தகைய கதை எதுவும் இல்லை. ரிபேயுஸ் என்னும் திராய் நகர வீரன் வர்ஜிலின் காவியத்தில் சில அடிகளில் வந்து மடிபவன். திராய் மக்களுள் மிக நேர்மையானவன் என்ற ஒரு குறிப்பே அவனுக்குரிய சொத்து. அந்த ஒரு குறிப்பைப் பற்றிக்கொண்டு தாந்தே அவனைப் பரலோகத்தில் ஏற்றுகிறார். திருமுழுக்கு என்னும் சடங்கு தோன்றுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விசுவாசமும் நம்பிக்கையும் அன்பும் அவனுக்குத் திருமுழுக்காயின என்பது காவியம் தரும் விளக்கம்.

இறையியலில் இதற்கு இடமே இல்லாமலில்லை. 1274இல் மறைந்த தாமஸ் அக்குவினாஸ், காட்டில் வளர்ந்த ஒருவன் இயற்கையறிவின்படி நன்மையை நாடினால், இறைவன் உள்ளொளியாலோ போதகரை அனுப்பியோ அவனுக்கு வேண்டியதை அறிவிப்பார் என்று கருதினார். ஆனால் 1442இல் புளோரன்ஸ் பொதுச்சங்கம் திருச்சபைக்கு வெளியே மீட்பில்லை என்பதை மிகக் கடுமையான சொற்களில் உரைத்தது. தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாது, நேர்மையான உள்ளத்தோடு இறைவனைத் தேடுவோரும் மீட்புப் பெறலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாக எழுதியது 1964இல்தான். கழுகின் முன் நின்ற வினாவுக்கு ஆறு நூற்றாண்டுக்கு மேற்பட்ட ஆயுள்.

எனின், தாந்தேயின் துலாக்கோல் எது? அதனைக் காட்ட ஒரு தந்தையும் மகனும் உள்ளனர். தந்தை மோந்தெஃபெல்த்ரோவின் குய்தோ, பேர்பெற்ற படைத்தலைவர். முதுமையில் பிரான்சிஸ்கன் துறவியாகி 1298இல் இறந்தார். முடிவுறாது நின்ற தம் 'விருந்து' என்னும் உரைநடை நூலில் தாந்தேயே அவரை, கரை நெருங்கும்போது பாய் இறக்கிய நன்மாலுமியாகப் போற்றியிருக்கிறார். காவியத்திலோ அவர் நரகத்தின் எட்டாம் வட்டத்தில் தீப்பிழம்புக்குள் இருக்கிறார். பலெஸ்த்ரினாக் கோட்டையை வீழ்த்த வழி கேட்ட எட்டாம் போனிபாஸ் பாப்பரசருக்கு, நிறைய வாக்களித்துக் குறையக் காப்பாற்றும் சூழ்ச்சியை அவர் சொல்லிக்கொடுத்தார். பாவம் செய்வதற்கு முன்னரே அதற்கான மன்னிப்பை அப்பாப்பரசர் வழங்கிவிட்டார். குய்தோ இறந்ததும் புனித பிரான்சிசே அவரை அழைத்துச் செல்ல வருகிறார். கரிய வானவன் ஒருவன் குறுக்கிட்டுத் தருக்கம் பேசுகிறான்: மனம் வருந்தாதவனுக்கு மன்னிப்பில்லை, ஒரே வேளையில் ஒரு செயலை விரும்பவும் அதற்காக வருந்தவும் ஒருவனால் இயலாது. புனிதரிடம் மறுமொழி இல்லை. இக்காவியத்திலேயே மிகச் சரியான வாதத்தைப் பிசாசின் வாயில் வைத்த துணிவு தாந்தேக்கே உரியது.

மகன் புவோன்கோந்தே 1289 ஜூன் 11இல் காம்பல்தீனோப் போரில் மடிந்தான். எதிர்த்தரப்பில் போரிட்டவருள் இளைஞராயிருந்த தாந்தேயும் ஒருவர். அவனுடைய உடல் கிடைக்கவே இல்லை. கிடைக்காத அவ்வுடலுக்குக் காவியம் ஒரு முடிவு எழுதுகிறது. தொண்டையில் காயமுற்று, நிலத்தைக் குருதியால் நனைத்தபடி ஆற்றங்கரை வரை ஓடி, மரியாளின் பெயரோடு விழுகிறான். கைகள் மார்பின்மேல் சிலுவையாகக் குவிகின்றன. பாவசங்கீர்த்தனம் கேட்கக் குருவில்லை, சடங்கில்லை. ஒரு சிறு கண்ணீர்த்துளிக்காக உயிரைப் பறித்துக்கொண்டாயே என்று பிசாசு வானதூதனிடம் முறையிடுகிறது. பின்னர் ஆத்திரத்தோடு மழையைக் கிளப்பி, அவ்வுடலை அர்னோ ஆற்றில் உருட்டி, மார்பின்மீது அமைந்த அச்சிலுவையைக் குலைத்துப்போடுகிறது. அதன் கைக்கு எட்டியது அவ்வளவே.

பாப்பரசரின் மன்னிப்பைப் பெற்ற தந்தை கீழே; எந்த மன்னிப்பும் பெறாத மகன் மீட்பின் வழியில். 1266இல் திருச்சபைக்குப் புறம்பானவராக இறந்து, எலும்புகளும் தோண்டி எறியப்பட்ட மன்னர் மான்பிரெதும் உத்தரிக்கும் தலத்தில் புன்னகையோடு நிற்கிறார். வெளியிலிருந்து வழங்கப்படும் சான்றிதழும் சாபமும் இறுதித் தீர்ப்பாகா என்பதே இவர்கள் கதைகளின் பொருள். இவ்விடத்தில் இரட்சணிய யாத்திரிகத்துக்கு மூலமான ஜான் பனியனின் 1678ஆம் ஆண்டு நூல் நினைவுக்கு வருதல் இயல்பு. அதன் இறுதியில் 'அறியாமை' என்னும் பயணி, காட்டுவதற்குச் சான்றுச்சுருள் இல்லாமையால், மோட்ச வாயிலிலிருந்தே நரகத்துக்குக் கொண்டுபோகப்படுகிறான். அந்தச் சுருள் அகத்து விசுவாசத்தின் குறியீடே என்றாலும், அக்காட்சியில் தாந்தேயின் தயக்கம் இல்லை. மார்லோவின் பாஸ்டசோ வேறு வகை. அவனை வீழ்த்துவது ஒப்பந்தத்தைவிடத் தன் பாவம் மன்னிப்புக்கு அடங்காது என்னும் அவநம்பிக்கையே. அந்நாடகத்தின் 1604ஆம் ஆண்டுப் பதிப்பில் நல்ல தேவதை, மனந்திரும்ப அவனுக்கு 'இயலுமா' என்கிறது. 1616ஆம் ஆண்டுப் பதிப்பில் அதற்கு அவன் 'விரும்புவானா' என்கிறது. ஒரு துணைவினை மாற்றத்தில் கால்வினின் கோட்பாடு முழுவதும் ஊசலாடுகிறது.

உள்ளத்தின் திசையே தாந்தேயின் துலாக்கோல் என்றால், அது அவருக்கு மிக நெருக்கமான ஒருவர்மீதே இடறுகிறது. வர்ஜில் நரகத்தின் முதல் வட்டத்துக்கு உரியவர். அங்கு வதை இல்லை. விருப்பம் உண்டு, நம்பிக்கை இல்லை. அவருடைய கவிதையைப் படித்தே ஸ்தாசியுஸ் என்னும் உரோமக் கவிஞன் கிறிஸ்தவனானான் எனக் காவியம் புனைகிறது. இருளில் விளக்கைத் தன் முதுகுக்குப் பின்னே ஏந்திச் சென்று, பின்வருவோர்க்கு மட்டும் வழிகாட்டியவர் வர்ஜில் என்பது ஸ்தாசியுசின் நன்றியுரை. வர்ஜில் ஓரிரு அடிகளில் படைத்துவிட்டுக் கடந்த ரிபேயுஸ் மேலே; படைத்தவர் கீழே. ரிபேயுசுக்கு ஒரு வழியைக் கற்பிக்கத் தெரிந்த தாந்தேக்குத் தம் ஆசானுக்கு ஒன்றைக் கற்பித்தல் அரிதாயிருக்க முடியாது. அவர் அதைச் செய்யவில்லை. அது கொள்கைப் பிடிப்பா, கொள்கைமீதே வைத்த குற்றச்சாட்டா என்பதில் உரையாசிரியர்கள் இன்றும் ஒன்றுபடவில்லை. காவியம் தரும் சான்று குற்றச்சாட்டின் பக்கமே சாய்கிறது.

உத்தரிக்கும் மலையின் உச்சியில் பெயாத்ரிச்சே தோன்றுகிறாள். அச்சமுற்ற குழந்தை தாயிடம் திரும்புவதுபோல் தாந்தே வர்ஜிலிடம் திரும்புகிறார். அங்கே அவர் இல்லை. விடைபெறும் சொல் ஒன்றும் இல்லை. அடுத்த மூன்றடிகளில் மூன்று முறை அப்பெயரைக் கவிஞர் விளிக்கிறார். ஏதேன் தோட்டமே கண்முன் விரிந்திருந்தும் அவர் கன்னங்கள் நனைகின்றன. வர்ஜில் போய்விட்டதற்காக இப்போது அழாதே, அழுவதற்கு வேறு காரணம் வரும் என்று பெயாத்ரிச்சே அவரைப் பெயர் சொல்லி அழைக்கிறாள். 100 படலங்களில் தாந்தே என்னும் பெயர் வருவது அந்த ஓரிடத்தில் மட்டுமே.