ஆள் பாதி, வண்டி பாதி

(பட்டிமன்றத் தலைப்பு: வண்டி வாங்குவது தேவைக்கா? பெருமைக்கா? ‘பெருமைக்கே’ என்ற அணியில் பேசியது)

பட்டாசாலும் தீப்பெட்டியாலும் அச்சுத் தொழிலாலும் பேர் வாங்கிய சிவகாசிப் பெருமக்களே!

எனக்கு முன்னாலே பேசிய நண்பர், “வண்டின்னா போக வர, சுமை ஏத்த. இதிலே பெருமை எங்கய்யா வந்தது?”ன்னு கேட்டார். நல்லாத்தான் பேசினார். பேசி முடிச்சு உக்காரும்போது கார் சாவியைச் சத்தம் வர மேஜை மேலே வச்சார் பாருங்க, அங்கேயே என் கட்சிக்கு ஒரு சாட்சி கிடைச்சிருச்சு! (சிரிப்பு)

ஐயா, இது லேபிள் அச்சடிக்கிற ஊர். உள்ளே இருப்பது கருமருந்துதான். ஆனா மேலே ஒட்டுகிற படம் பளிச்சுன்னு இருந்தாத்தான் தீபாவளிக்குப் பெட்டி நகரும். சரக்கு பாதி, லேபிள் பாதி. இது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இப்ப அமெரிக்காவிலே ஒரு லேபிள் வந்திருக்கு. டெஸ்லா கம்பெனியின் சைபர்டிரக். மின்சாரத்திலே ஓடுகிற பிக்கப் லாரி. சுத்தி எங்கேயும் வளைவே கிடையாது. பள்ளிக்கூடப் பையன் ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி, தகரப் பெட்டிக்குச் சக்கரம் மாட்டின மாதிரி இருக்கும். 2019-ல் அறிமுகம் செய்த மேடையிலே, “கண்ணாடி உடையாது”ன்னு சொல்லி எஃகுக் குண்டை எறிஞ்சாங்க. விரிசல் விட்டுப்போச்சு! சரி, அடுத்த கண்ணாடியிலே எறிஞ்சாங்க. அதுவும் விரிசல்! (சிரிப்பு)

2023 கடைசியிலேதான் வண்டி வாங்கினவங்க கைக்கு வந்தது. 2025 மார்ச்சிலே 46,096 வண்டிகளைத் திரும்ப அழைச்சாங்க. ஏன் தெரியுமா? மேலே ஒட்டியிருந்த எஃகுத் தகடு, ஓடும்போதே பிரிஞ்சு விழலாமாம். பசை பிடிக்கலை! அடடா, தீப்பெட்டிக்குப் பசை தடவுகிற நம்ம ஊர் அம்மாக்களைக் கூப்பிட்டிருந்தா ஒட்டிக் கொடுத்திருப்பாங்களே! (பலத்த கைதட்டல்)

எதிரணியிலே கேப்பாங்க: “புகை வராத மின்சார வண்டிதானே, அது தேவையில்லையா?” தேவைதான். ஆனா நம்ம டாட்டா ஏஸ், அதாங்க நாம ‘குட்டி யானை’ன்னு கூப்பிடுகிற வண்டி, அதுவும் 2022-ல் மின்சாரத்துக்கு மாறிச்சு. அதுக்காக முகத்தைக் கோணிக்கிட்டா வந்தது? அதே குட்டி யானையாத்தானே வந்தது! அப்போ அந்தக் கோணல் மின்சாரத்துக்காக இல்லை, பார்க்கிறவன் கண்ணுக்காக.

எடை போட்டுப் பாருங்க. 2005-ல் வந்த டீசல் குட்டி யானை தன் எடை சுமார் 800 கிலோ, சுமப்பது 750 கிலோ. கிட்டத்தட்டத் தன் எடையைத் தானே சுமக்கிறது. அந்த அமெரிக்க யானை தன் எடை சுமார் 3,000 கிலோ, சுமப்பது 1,130 கிலோ. மூட்டையைச் சுமக்கிறதைவிட முக்கால்வாசி நேரம் பெருமையைத்தான் சுமக்குது!

இந்தியாவிலே டெஸ்லா இதை விற்பனைக்குக் கொண்டுவராதபோதே, 2025-ல் சூரத்திலே ஒரு தொழிலதிபர் துபாயிலிருந்து வரவழைச்சார். எந்த மூட்டையை ஏத்த? ஊரே திரும்பிப் பார்த்ததே, அதுக்குத்தான்!

“அது பணக்காரன் கூத்து. ஏழை தேவைக்குத்தானே வாங்குறான்?”னு கேப்பீங்க. இங்கேதான் நடுவர் அவர்கள் கொஞ்சம் கவனிக்கணும்.

குட்டி யானையை வடிவமைக்கும் முன்னாலே, கிரீஷ் வாக் தலைமையிலான குழுவினர் மூணு சக்கரச் சுமைவண்டி ஓட்டுறவங்களைத் தேடிப்போய், “உங்களுக்கு என்னப்பா வேணும்?”னு விசாரிச்சாங்க. மைலேஜ் கேப்பாங்க, விலை கேப்பாங்கன்னு நினைச்சிருப்பாங்க. ஒரு இளைஞர் சொன்ன பதிலை அந்த நிறுவனத்தாரே பிறகு சொல்லியிருக்காங்க: நாலு சக்கர வண்டி இருந்தா, ஊரிலே தனக்கு நல்ல இடத்திலே பெண் கிடைக்கும்!

ஒரே ஒரு சக்கரம்தாங்க வித்தியாசம். அதே பையன், அதே கை, அதே உழைப்பு. மூணு சக்கரத்திலே போனா ‘ஏய்’, நாலு சக்கரத்திலே போனா ‘வாங்க மாப்பிள்ளே’! அந்த வண்டி 20 லட்சத்துக்கு மேலே வித்திருக்கு. அத்தனைக்கும் தேவை மட்டுமா காரணம்?

நான் அந்தப் பையனைக் குத்தம் சொல்ல வரலை. காலண்டர் கட்டையும் நோட்டுக் கட்டையும் விடிய விடிய ஏத்தி இறக்குகிறவன் அவன். அந்த உழைப்புக்கு நாம கொடுக்க வேண்டிய மரியாதையைக் கொடுக்கலை. அதனாலே கடன் வாங்கி, மாசாமாசம் தவணை கட்டி, அந்த மரியாதையை அவன் வண்டியா வாங்குறான். சூரத்துக்காரர் வாங்கியது வேடிக்கை. இவன் வாங்கியது மானம். விலைதான் வேறே, ரெண்டும் பெருமைதான்.

இதே மாவட்டத்திலே, விருதுநகரிலே 1903-ல் பிறந்தார் காமராசர். ஒன்பது வருஷம் முதலமைச்சர். 1975-ல் கண்மூடும்போது தனக்குன்னு ஒரு வீடு சேர்த்து வைக்கலை. அவர் எந்த வண்டியிலே வந்து இறங்கினார்னு இங்கே எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு? வந்து இறங்கிய மனுஷனைத்தானே ஞாபகம் வச்சிருக்கோம்! (கைதட்டல்)

அந்த மாதிரி ஆளைப் பார்த்து மதிக்கிற பழக்கம் நமக்கு மறுபடி வரட்டும். அன்னைக்கு எதிரணி சொல்றபடி வண்டியைத் தேவைக்கு மட்டும் வாங்குவோம். பெண் பார்க்க வருகிற வீட்டிலே பையனுக்கு முன்னாலே வாசலிலே நிக்கிற வண்டியைப் பார்க்கிறவரைக்கும், வண்டி வாங்குவது பெருமைக்கே, பெருமைக்கேன்னு நடுவர் அவர்கள் தீர்ப்பு வழங்கவேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.